எம்.பில் சட்டை போட்ட ஆஸ்பத்திரிப் படிப்பு

ரெண்டு மாசமா டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டு இருந்த பதிவு. ரிலீஸ் முடிஞ்சு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால இன்னிக்கு எழுதியே தீர்றதுன்னு உக்காந்தாச்சு. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு வச்சிக்கிட்டுப் படிங்க மக்களே.

எங்க ஊரு மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவில் பக்கம். முன்னாடி திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பர்ல இருந்து தென்காசி மாவட்டம். அங்க இருக்கற சித்தி மக பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷம் படிக்கா. போன்ல, "அண்ணே, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்னா அடுத்து என்னண்ணே படிக்கணும்?"னு கேட்டா. ஏற்கனவே நாலு பேருகிட்ட கேட்டிருக்கா, நாலு பதில் வந்திருக்கு. எம்.எஸ்சி. போதும்னு ஒருத்தர். எம்.பில். இல்லாம முடியாதுன்னு இன்னொருத்தர். எம்.பில்லையே அரசாங்கம் தூக்கிடுச்சேன்னு மூணாவது ஆள். "எம்.பி.பி.எஸ். படிக்காம எப்படிம்மா டாக்டராக முடியும்?"னு ஒரு சொந்தக்கார மாமா.

நானும் சாஃப்ட்வேர்காரன்தானே, ஸ்பெக் என்னன்னு பார்த்தா பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்னு தேட ஆரம்பிச்சேன். அது 1955க்கு இழுத்துட்டுப் போயிருச்சு. மாமாவைத் தவிர்த்து மத்த மூணு பேர் சொன்னதும் ஏதோ ஒரு வருஷத்துல, ஏதோ ஒரு விதத்துல உண்மைதான். அது எப்படி சாத்தியம்ங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஆளு யாருன்னு பார்த்துடுவோம். சைக்காட்ரிஸ்ட்ங்கறவர் எம்.பி.பி.எஸ். முடிச்சு, அதுக்கு மேல மனநல மருத்துவம் படிச்ச டாக்டர். மருந்து எழுதுவார். சந்திரமுகில வர்ற டாக்டர் சரவணன் இந்த ரகம் (கடைசில சாமியாரையும் கூடச் சேர்த்துக்கிட்டு அவர் பண்ணது எந்த ரகம்னு எனக்குத் தெரியாது சாமி). கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். கேட்டு, கவனிச்சு, சோதனைகள் வச்சு அளந்து, சிக்கல் எங்கன்னு கண்டுபிடிக்கறதும், பேச்சு வழியாவும் பழக்கப் பயிற்சி வழியாவும் சிகிச்சை கொடுக்கறதும் அவர் வேலை. கவுன்சிலர்ங்கறது வேற. ரொம்ப காலம் அந்த போர்டை யார் வேணா மாட்டிக்கலாம்ங்கற நிலைமைதான் இருந்துச்சு.

ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்றேன். பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடு இருக்கு, அரசாங்க உதவித்தொகைக்கு சான்றிதழ் வாங்கணும்னா, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவாங்க இல்லையா? அங்க பிள்ளையை எதிர்ல உக்கார வச்சு, கேள்வி கேட்டு, கட்டைகளை அடுக்கச் சொல்லி, ஐ.க்யூ. அளந்து எழுதணுமே, அது சைக்காலஜிஸ்ட் வேலை. அதுக்கு நம்ம நாட்டுல ரொம்ப காலமாப் பயன்படுற ஒரு சோதனை பினே-காமத். 1930கள்ல வி.வி. காமத் கன்னடமும் மராத்தியும் பேசற பிள்ளைகளை வச்சு, பிரான்சுல உருவான பினே சோதனையைத் திருத்திப் பண்ணது. மராத்திப் பிள்ளைக்குத் தச்ச சட்டை சங்கரன்கோவில் பிள்ளைக்குச் சரியா இருக்குமாங்கறது தனி கேள்வி. அந்தக் கேள்வியைக் கேக்கத் தெரிஞ்ச ஆள் எதிர்ல உக்காந்திருக்கணும். படிப்பு எதுக்குன்னா அதுக்குத்தான்.

இந்தப் படிப்பெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க பக்கம் ஒரு ஏற்பாடு உண்டு. சங்கரன்கோவில்ல கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால ஒரு சின்னக் குழி இருக்கு. ஸ்ரீசக்கரம் இருக்கற இடம்னு சொல்வாங்க. மனசு கலங்கினவங்க, 'காத்து கருப்பு' அண்டிருச்சுன்னு வீட்டுல நினைக்கறவங்களைக் கூட்டிட்டு வந்து அதுல உக்கார வைப்பாங்க. ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க. கடையம் பக்கம் பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கும் இதே மாதிரி கூட்டிட்டுப் போற வழக்கம் உண்டு, மதம் பார்க்காம.

இதை மூடநம்பிக்கைன்னு ஒரே வரில தள்ளிட்டுப் போறது சுலபம். நானும் கடவுள் விஷயத்துல பெரிய ஆள் ஒண்ணும் இல்ல. ஆனா 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை வந்துச்சு. ஆர். ரகுராம்ங்கற மனநல மருத்துவரும் கூட இருந்தவங்களும் எழுதினது. தமிழ்நாட்டுல முத்துசாமி கோயில்னு ஒண்ணுல தங்கியிருந்த 31 பேரை, வந்தப்பவும் கிளம்பறப்பவும் முறைப்படி அளந்து பார்த்தாங்க. தனியா ஒரு சிகிச்சையும் கிடையாது. தங்கறது, சின்னச் சின்ன வேலை செய்யறது, சாமி கும்பிடறது, கூட ஒரு சொந்தக்காரர் இருக்கறது, அவ்வளவுதான். அறிகுறிகளோட மதிப்பெண் சராசரியா 20 சதவீதம் கிட்ட குறைஞ்சிருந்துச்சு.

அதுக்காக எல்லாரையும் கோயில்ல விட்டுரலாம்னு அர்த்தம் இல்ல. அந்தக் கட்டுரையை எழுதினவங்களும் அப்படிச் சொல்லல. என் கேள்வி வேற. குழியில உக்காந்திருக்கற பொண்ணுக்கு மன அழுத்தமா, வலிப்பு நோயா, புருசன் வீட்டுல அடி வாங்கினதோட விளைவா, இல்ல மூளையில ஏதாவது கட்டியான்னு பிரிச்சுச் சொல்ல யார் இருக்கா? ஆறுதலா உக்கார ஒரு இடம் கிடைச்சாப் போதும்ங்கற ஆள் யாரு, இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்ங்கற ஆள் யாருன்னு பார்க்கத் தெரிஞ்ச கண்ணு வேணும். அந்தக் கண்ணு புஸ்தகத்துல வராது. நோயாளிங்க நடுவுல, விவரம் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல நின்னு திருத்தத் திருத்த, மாசக்கணக்குல இருந்தாத்தான் வரும். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

'கிளினிக்கல் சைக்காலஜி'ங்கற பேரை வச்சவர் அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல இருந்த லைட்னர் விட்மர். 1896ல ஒரு டீச்சர், எழுத்துக்கூட்டி எழுத வராத ஒரு பையனை அவர்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. உன் சைக்காலஜி நிஜமான சயின்ஸுன்னா இவனுக்கு ஏதாவது பண்ணுங்கற மாதிரி. அங்கதான் முதல் கிளினிக் ஆரம்பிச்சுச்சு. 1907ல பத்திரிகை தொடங்கி அந்தப் பேரையும் வச்சார். ஆனா இதை ஒரு தொழிலாக்கினது ரெண்டாம் உலகப் போர். மனசு உடைஞ்சு திரும்பி வந்த சிப்பாய்ங்க லட்சக்கணக்குல. சைக்காட்ரிஸ்ட் போதல. முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுத்துறை பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து ஆள் தயார் பண்ணச் சொல்லுச்சு. என்ன படிச்சா இந்த ஆள் தகுதியானவர்னு முடிவு பண்ண 1949ல கொலராடோவுல போல்டர்ங்கற ஊர்ல கூடிப் பேசினாங்க. பிஎச்.டி. வேணும், ஆராய்ச்சியும் தெரியணும், ஆஸ்பத்திரிப் பயிற்சியும் வேணும்னு முடிவாச்சு. அங்க இன்னிக்கு வரைக்கும் முனைவர் பட்டம்தான்.

இங்க வருவோம். சைக்காலஜிங்கற பாடம் நம்ம நாட்டுக்குப் புதுசு இல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்துல 1916லயே தனித்துறை. மைசூர்ல 1924, நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்துல 1943ல ஜி.டி. போவாஸ் தலைமையில. கல்கத்தாவுல கிரீந்திரசேகர் போஸ் 1922ல இந்திய உளப்பகுப்பாய்வு சங்கமே ஆரம்பிச்சிட்டார், ஃப்ராய்டோட கடிதப் போக்குவரத்து எல்லாம் வச்சுக்கிட்டு. ஆனா இதெல்லாம் கல்லூரி வகுப்பும் சோதனைக்கூடமும். பைத்தியக்கார ஆஸ்பத்திரி (அப்ப அப்படித்தான் சொன்னாங்க, மன்னிக்கணும்) மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தனி உலகம்.

அந்த உலகம் எப்படி இருந்துச்சுன்னு போர் கமிட்டி அறிக்கை சொல்லுது. இது சண்டைப் போர் இல்ல, ஜோசப் போர்ங்கற அதிகாரி தலைமையில 1943ல போட்ட கமிட்டி. 1946ல அறிக்கை கொடுத்தாங்க. அப்ப இந்தியாவோட மக்கள்தொகை 40 கோடி கிட்ட. இங்கிலாந்துல 300 பேருக்கு ஒரு மனநலப் படுக்கை இருந்தப்ப, இங்க 40,000 பேருக்கு ஒண்ணு. மனநலத்துக்குன்னு ஆள் தயார் பண்ண இடமே இல்லன்னு பார்த்து, அதுக்கு ஏற்பாடு வேணும்னு பரிந்துரை பண்ணாங்க. அதோட பலன்தான் 1954ல பெங்களூர்ல மைசூர் அரசு மனநல மருத்துவமனையோட சேர்த்து ஆரம்பிச்ச அகில இந்திய மனநல நிறுவனம். எம்.வி. கோவிந்தசாமி முதல் இயக்குநர். 1974 டிசம்பர்ல நிறுவனத்தையும் ஆஸ்பத்திரியையும் ஒண்ணாக்கி வச்ச பேர்தான் நிம்ஹான்ஸ். ஓசூர் ரோட்டுல டிராஃபிக்ல நிக்கறப்ப எத்தனையோ தடவை அந்த மதில் சுவரைப் பார்த்துக்கிட்டே நின்னிருக்கேன். உள்ள இவ்வளவு கதை இருக்கறது தெரியாது.

1955ல அங்க ரெண்டு டிப்ளமா ஆரம்பிச்சாங்க. டாக்டர்களுக்கு ஒண்ணு. சைக்காலஜில எம்.ஏ. முடிச்சவங்களுக்கு ஒண்ணு, பேரு மெடிக்கல் சைக்காலஜி டிப்ளமா, ரெண்டு வருஷம். (டாக்டர்களுக்கான டிப்ளமாவை அங்க முடிச்சவங்கள்ல ஒருத்தர்தான் சாரதா மேனன். 1961ல கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கே கண்காணிப்பாளரா வந்தவங்க. 1984ல ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினவங்களும் அவங்கதான். அவங்களைப் பத்தித் தனியா ஒரு பதிவு போடணும்.)

இந்த ரெண்டாவது டிப்ளமாவைத்தான் நான் முக்கியமா நினைக்கிறேன். வகுப்பறைச் சைக்காலஜி படிச்ச ஆளைக் கூட்டிட்டு வந்து, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ரெண்டு வருஷம் முழுநேரமா விட்டாங்க. காலையில வார்டு, நோயாளி கதை கேட்டு எழுதறது, சோதனை வைக்கறது, எழுதினதைப் பெரியவங்க முன்னாடி வாசிச்சுத் திட்டு வாங்கறது, மறுபடி வார்டு. பேருக்கு டிப்ளமா. உண்மையில குருகுலம். அமெரிக்காவுல பிஎச்.டி.ன்னு முடிவு பண்ணி ஆறு வருஷந்தான் ஆகுது. அவ்வளவு பெரிய படிப்பைத் தாங்கற வசதி புதுசா சுதந்திரம் வாங்கின நாட்டுல இல்ல. இருக்கறதை வச்சு கச்சிதமா ஒண்ணு பண்ணாங்க. நல்ல டிசைன்னு ஒரு என்ஜினியரா நான் சர்டிஃபிகேட் கொடுக்கறேன் :-)

1962ல ராஞ்சி மனநல மருத்துவமனையிலயும் இதே மாதிரி படிப்பு வந்துச்சு. 1968ல இந்திய கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சங்கம். இதுக்கு நடுவுல டிப்ளமாவோட பேரு 'மெடிக்கல் அண்ட் சோஷியல் சைக்காலஜி'ன்னு ஆச்சு. அப்புறம்தான் திருப்பம். எம்.ஏ.வுக்கு மேல ரெண்டு வருஷம் உழைச்சுட்டு டிப்ளமான்னா மதிப்பு எங்க? வேலைக்குப் போனா சம்பள விகிதம், பதவி உயர்வு எல்லாத்துக்கும் 'டிகிரி'தானே கேக்கறாங்க. அந்தக் காலத்துல பல்கலைக்கழகங்கள்ல எம்.ஏ.வுக்கும் பிஎச்.டி.க்கும் நடுவுல எம்.பில்.ன்னு ஒரு புதுப் படி பரவிக்கிட்டு இருந்துச்சு. டிப்ளமாவுக்கு அந்தச் சட்டையை மாட்டிவிட்டாங்க. முதல்ல எம்.பில். மெடிக்கல் அண்ட் சோஷியல் சைக்காலஜி, பிறகு எம்.பில். கிளினிக்கல் சைக்காலஜி.

சட்டை மாறுச்சே தவிர உள்ள இருந்த ஆள் மாறல. நம்ம பக்கத்துக் கல்லூரிகள்ல எம்.பில். தமிழ், எம்.பில். கணக்கு முடிச்ச லெக்சரர்களை எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆய்வேடு எழுதணும், சில பேப்பர் பாஸ் பண்ணணும். 2009ல யு.ஜி.சி. தடுக்கற வரைக்கும் தபால்லயே எம்.பில். வாங்கலாம். அதுவும் எம்.பில்., வார்டுல ரெண்டு வருஷம் காய்ஞ்சதும் எம்.பில். ஒரே வேரியபிள் பேர்ல ரெண்டு வேற வேற டைப் டேட்டா. இந்த மாதிரி கோடைப் பார்த்தா எங்க டீம் லீட் கையெடுத்துக் கும்பிடுவார். "இன்னிக்கு ஓடுது, என்னிக்கோ ஒரு நாள் வெடிக்கும்"பார்.

வெடிக்கறதுக்கு முன்னாடி சட்டம் வந்துச்சு. இந்தியாவுல மருத்துவருக்கு ஒரு கவுன்சில், வக்கீலுக்கு ஒரு கவுன்சில் உண்டு. சைக்காலஜிஸ்டுக்குன்னு தனியா எதுவும் கிடையாது. 1986ல மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் துறைக்கு ஒரு சங்கமா ஆரம்பிச்ச ஆர்.சி.ஐ., 1992ல போட்ட சட்டத்தால சட்டப்படியான கவுன்சில் ஆச்சு. அந்தச் சட்டத்துல யாரெல்லாம் பதிவு பண்ணணும்னு ஒரு பட்டியல். முதல்ல காது கேட்பு நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர். மூணாவது காது மெஷினுக்கு அச்சு எடுக்கற டெக்னீஷியன். நடுவுல ரெண்டாவதா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்! பதிவு இல்லாம தொழில் பண்ணா ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லன்னா 1000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும்.

ஏன் மறுவாழ்வு கவுன்சிலுக்குக் கீழ வந்தாங்க? இந்தச் சட்டம் முதல்ல மனசுல வச்சிருந்தது பார்வை, செவி, கை கால், மனவளர்ச்சிக் குறைபாடு இந்த நாலையும்தான். அதுல ஐ.க்யூ. பார்க்கற ஆளா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உள்ள வந்தார். மன அழுத்தம், மனச்சிதைவுக்கு சிகிச்சை தர்றவர்ங்கற அவரோட பெரிய பாதி அந்த வீட்டுல வாடகைக்கு இருக்கற மாதிரிதான். ஆனாலும் குறை சொல்ல மனசு வரல. போக்கிடம் இல்லாத ஒரு தொழிலுக்கு ஒரு கூரை கிடைச்சுச்சு. எந்த நிறுவனம் படிப்பு நடத்தலாம், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர், என்னென்ன வார்டு இருக்கணும்னு ஆர்.சி.ஐ. விதி போட்டுச்சு. எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜில 55 சதவீதம், நுழைவுத் தேர்வு, ரெண்டு வருஷ முழுநேர எம்.பில்., அதுக்கப்புறம் பதிவு எண். மூணும் ரெண்டும் ரெண்டும் ஏழு வருஷம். எம்.எஸ்சி.க்கு மேல ஒரு வருஷ புரொஃபஷனல் டிப்ளமான்னு ஒரு சின்ன வாசலும் வச்சாங்க.

சித்தி மக கிட்ட எம்.எஸ்சி. போதும்னு சொன்னவரும் பொய் சொல்லல. 'சைக்காலஜிஸ்ட்'னு சொல்லிக்க ரொம்ப காலம் அதுவே போதும். முன்னாடி வர்ற 'கிளினிக்கல்'ங்கற ஒரு வார்த்தைக்குத்தான் பூட்டு.

பூட்டுப் போட்டாச்சு, உள்ள எத்தனை பேர்? உலக சுகாதார நிறுவனத்தோட 2011 மனநல அட்லஸ்படி இந்தியாவுல மனநலத் துறையில லட்சம் பேருக்கு 0.047 சைக்காலஜிஸ்ட். அதாவது 20 லட்சம் பேருக்கு ஒருத்தர். இன்னிக்குத் தென்காசி மாவட்டமா இருக்கற பகுதியோட மக்கள்தொகை 2011 கணக்குல 14 லட்சம். எங்க மாவட்டத்துக்கு முழுசா ஒரு ஆள்கூட வரல.

2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கொட்டகையில சங்கிலியால கட்டி வச்சிருந்தவங்க தீயில 28 பேர் செத்துப் போனாங்க. உச்ச நீதிமன்றம் தானா கையில எடுத்து விசாரிச்சுச்சு. அப்ப இருந்த 1987 மனநலச் சட்டத்துக்கு சைக்காட்ரிஸ்டைத் தெரியும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுன்னு ஒரு ஆளைத் தெரியாது. மாவட்டத்துக்கு மாவட்டம் மனநலத் திட்டத்துல ஒரு சைக்காட்ரிஸ்ட், ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஒரு சமூகப் பணியாளர்னு குழு வைக்கணும்னு காகிதத்துல எழுதினாங்க. ஆள் எங்க? 2015-16ல நிம்ஹான்ஸ் நடத்தின தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயைப் பொறுத்து 70ல இருந்து 92 சதவீதம் பேருக்கு சிகிச்சையே கிடைக்கலன்னு சொல்லுச்சு.

2017ல புது மனநலப் பாதுகாப்புச் சட்டம். முதல் தடவையா கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுன்னா யாருன்னு அதுல எழுதினாங்க. ரெண்டு வழி. ஒண்ணு, ஆர்.சி.ஐ. அங்கீகரிச்ச நிறுவனத்துல இருந்து அங்கீகாரம் பெற்ற தகுதி. 'அல்லது', சைக்காலஜில முதுகலையும், மேற்பார்வையோட ஆஸ்பத்திரிப் பயிற்சி சேர்ந்த ரெண்டு வருஷ முழுநேர எம்.பில். கிளினிக்கல் சைக்காலஜியோ எம்.பில். மெடிக்கல் அண்ட் சோஷியல் சைக்காலஜியோ. பார்த்தீங்களா? அந்தப் பழைய பேரு பாறைக்குள்ள இருக்கற மீன் எலும்பு மாதிரி 2017 சட்டத்துக்குள்ள கிடக்கு. இதே சட்டத்துல மனநல நிபுணர்கள் வரிசையில சித்த மருத்துவத்துல 'சிறப்பு மருத்துவம்' எம்.டி. முடிச்சவங்களுக்கும் இடம் உண்டு. பாளையங்கோட்டையில சித்த மருத்துவக் கல்லூரி வச்சிருக்கற எங்களுக்கு அதுல ஒரு அல்ப சந்தோசம்.

சட்டப் புஸ்தகத்துலயே எம்.பில்.ன்னு அச்சாயிருச்சு, இனி அசைக்க முடியாதுன்னு எல்லாரும் நிம்மதியா இருந்தப்ப, 2020ல புதிய கல்விக் கொள்கை வந்துச்சு. அதுல ஒரு வரி: எம்.பில். நிறுத்தப்படும். எழுதினவங்க மனசுல இருந்தது அந்த ஆய்வேட்டு எம்.பில். பிஎச்.டி.க்கு நேரா போகலாமே, நடுவுல எதுக்கு ஒரு படின்னு. நியாயமான கேள்விதான். ஆனா அதே பேர்ல ஓடிக்கிட்டு இருந்த ஆஸ்பத்திரிக் குருகுலம்? 2022 நவம்பர்ல யு.ஜி.சி. விதிமுறையாவே போட்டு எம்.பில்லை நிறுத்துச்சு. 2023 டிசம்பர்ல, எம்.பில். அங்கீகாரம் இல்லாத பட்டம், யாரும் சேராதீங்கன்னு மாணவர்களுக்கு எச்சரிக்கை வேற. அப்ப அட்மிஷனுக்குப் படிச்சுக்கிட்டு இருந்த பிள்ளைங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. ஒரு சட்டம் எம்.பில். வேணும்ங்குது, இன்னொரு அமைப்பு எம்.பில். செல்லாதுங்குது.

2024 ஜனவரியில யு.ஜி.சி. இறங்கி வந்துச்சு. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்காட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும் எம்.பில். செல்லும்னு நீட்டிப்பு. இடைப்பட்ட நேரத்துல ஆர்.சி.ஐ., எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. முனைவர் படிப்புன்னு வேற பேர்கள்ல பாடத்திட்டம் கொண்டு வந்திருக்கு. இதுக்கு இடம் கொடுக்கறது 2017 சட்டத்துல இருக்கற அந்த 'அல்லது'தான். யாரோ ஒரு வரைவாளர் யோசிச்சோ யோசிக்காமலோ போட்ட ஒரு ஆர் கண்டிஷன். அது இல்லன்னா சட்டத்தையே திருத்தணும்.

பேரு போறதைப் பத்தி எனக்கு வருத்தமே இல்ல. டிப்ளமாவா இருந்தப்பவும் அதே படிப்புதான், எம்.பில்லா இருந்தப்பவும் அதே படிப்புதான். பயம் வேற. இந்த மாத்தத்துல அந்த ரெண்டு வருஷ வார்டு சுருங்கி, செமஸ்டருக்கு நாலு வாரம் இன்டர்ன்ஷிப்னு ஆயிரக்கூடாது. எம்.ஏ.ன்னு பேர் வந்தா ஒவ்வொரு ஆர்ட்ஸ் காலேஜும் எனக்கும் ஒண்ணு கொடுன்னு வரிசையில நிக்கும். சீட்டு கூடும், அது வேணும்தான். ஆனா பின்னாடி ஆஸ்பத்திரி இருக்கா, நோயாளி இருக்காங்களா, திருத்த ஆள் இருக்காங்களான்னு பார்க்காம கூடினா, தெருவுக்குத் தெரு என்ஜினியரிங் காலேஜ் திறந்து எங்க தலைமுறையை உருவாக்கின கதைதான்.

மறுபக்கமும் இருக்கு. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யு.ஜி.சி. சொல்லிருச்சு. கொள்கையா சரி. ஆனா எங்க ஊர் மாதிரி இடத்துல பொம்பளப் பிள்ளைங்க எம்.எஸ்சி. சைக்காலஜி படிச்ச வழி பெரும்பாலும் தபால்தான். அந்தக் கதவைச் சாத்தறப்ப பக்கத்துல இன்னொரு கதவைத் திறந்திருக்கணும். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு சென்னை ஸ்ரீராமச்சந்திரா, முட்டுக்காடு தேசிய நிறுவனம்னு போகணும். சங்கரன்கோவில்ல பொதிகை ஏறினா 600 கிலோமீட்டர். தனியார்ல கட்டணம் லட்சக்கணக்குல. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965ல இருந்து இருக்கு, அங்கயே மனநலப் பிரிவு இருக்கு. அந்த மாதிரி ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலயும் பத்து சீட்டு, கூடவே உதவித்தொகைன்னு வச்சா, 1955ல பெங்களூர்ல பண்ணதை அப்படியே இங்க பண்ணலாம். புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல.

உங்க வீட்டுப் பிள்ளைங்க யாராவது இந்தப் பக்கம் போறதா இருந்தா, காலேஜ் விளம்பரத்துல 'கிளினிக்கல்'னு கொட்டை எழுத்துல இருக்கறதைப் பார்த்துப் பணம் கட்டிராதீங்க. அந்த நிறுவனம், அந்தப் படிப்பு, அந்த வருஷம் மூணும் ஆர்.சி.ஐ. அங்கீகாரப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. முடிச்சா பதிவு எண் கிடைக்குமான்னு எழுத்துல கேளுங்க. 2021ல வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்துல மத்த சைக்காலஜிஸ்டுகளுக்கு வேற ஆணையம் இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. வாரத்துக்கு எத்தனை நாள் வார்டுங்கறதையும் கேட்டு வைங்க.

பி.கு: மைசூர் சைக்காலஜி துறையை 1924ல ஆரம்பிச்ச எம்.வி. கோபாலசாமி பத்தி ஒரு துணுக்கு. மனுசன் 1935ல மைசூர்ல தன் வீட்டுலயே ஒரு ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சார். அதுக்கு வச்ச பேரு 'ஆகாசவாணி'. பின்னாடி அகில இந்திய வானொலிக்கு வந்ததும் அதே பேருதான். நம்ம வீட்டு ரேடியோவுல காலங்காத்தால கேட்ட அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு சைக்காலஜி வாத்தியார்.